பழைய பாட்டைச் சேர்க்கக் கிளம்புகிறவர்களுக்கு: ரெக்கார்டு, கேசட், பாட்டுப் புத்தகம்

பழைய ரெக்கார்டு வாங்குவது மறுபடியும் நாகரிகமாகிவிட்டது. காபிக் கடைச் சுவரில் எல்.பி. அட்டைக்குச் சட்டம் போட்டு மாட்டுகிறார்கள். இளையராஜா பெயர் இருந்தால் கிழிந்த அட்டைக்கும் ஒரு விலை சொல்கிறார்கள். சுவர் அலங்காரத்துக்கு அது போதும். தமிழ்ப் பாட்டு, நாடகம், மேடைப்பேச்சு, அவற்றோடு வந்த அச்சுக் காகிதம் என்று ஏதாவது ஒரு மூலையைப் பிடித்து, இருபது வருஷம் கழித்து முன்பின் தெரியாத ஒருவர் வந்து பார்த்தாலும் பயன்படுகிற மாதிரி சேர்த்துவைக்க ஆசைப்படுகிறவர்களுக்கு இந்தக் குறிப்புகள்.

நல்ல பிளேயர், அலமாரி, பணம் எல்லாம் மெதுவாக வரட்டும். முதலில் வாங்க வேண்டியது ஒரு நோட்டும் பென்சிலும். எந்த ஊரில், யாரிடமிருந்து, எந்த நிலையில் வந்தது என்று எழுதிவைக்காத ரெக்கார்டு, உங்களுக்குப் பிறகு நேராகக் காயலான் கடைக்குத்தான் போகும். எழுதிவைத்தது தப்பிக்க வாய்ப்பு உண்டு.

நம் ஊரிலேயே இதற்கு ஆள் இருந்திருக்கிறார். கோட்டையூர் ரோஜா முத்தையா சென்னையில் விளம்பரப் பலகை எழுதும் கடை வைத்திருந்தவர். 'ரோஜா ஆர்ட்ஸ்' என்ற கடைப்பெயர்தான் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. புத்தகங்களோடு நிற்காமல் நாடக நோட்டீஸ், சினிமாப் பாட்டுப் புத்தகம், அழைப்பிதழ் என்று மற்றவர்கள் பழைய பேப்பர்காரருக்குப் போடுவதையெல்லாம் சேர்த்தார். 1992-ல் அவர் காலமான பின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. 1994-ல் சென்னையில் அது ஆராய்ச்சி நூலகமாக அமைந்தது. இப்போது தரமணியில் இருக்கிறது. முடிந்தால் எதையும் வாங்கும் முன் அங்கே ஒரு நாள் போய் உட்கார்ந்து வாருங்கள்.

ஒரு மூலையை மட்டும் பிடியுங்கள்

"பழைய தமிழ்ப் பாட்டு எல்லாம்" என்று ஆரம்பித்தால் ஆறு மாதத்தில் வீட்டில் சண்டை வரும். எல்லை சின்னதாக இருக்கட்டும்: நாகூர் ஹனிபாவின் இசைத்தட்டு அட்டைகள் மட்டும், 1970-களின் இலங்கைத் தமிழ்ப் பொப் பாட்டு மட்டும், உங்கள் மாவட்டத்து நாட்டுப்புறப் பாடகர்களின் கேசட் மட்டும், சென்னைக் கானா மட்டும், ஒரே ஒரு தியேட்டரில் ஓடிய படங்களின் பாட்டுப் புத்தகங்கள் மட்டும்.

என்னைக் கேட்டால் சினிமாவை விட்டு ஒரு அடி தள்ளி நிற்பது நல்லது. பெரிய படங்களின் பாட்டை நிறுவனங்களே காப்பாற்றிக்கொள்ளும். உள்ளூர் கேசட் கம்பெனி ஒன்று குலதெய்வக் கோயில் கொடைக்காகப் போட்ட பாட்டைக் காப்பாற்ற யாரும் இல்லை. ஒரு தாலுகாவுக்குள் விற்றுத் தீர்ந்த ஒப்பாரி கேசட்டும் அப்படித்தான். அது இணையத்திலும் கிடைக்காது, கம்பெனியும் மூடியிருக்கும்.

கையில் இருப்பது என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள்

கனமாக, கறுப்பாக, தட்டினால் ஓடு மாதிரிச் சத்தம் வந்தால் அது நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுற்றும் அரக்குத் தட்டு; '78 வேகம்' என்பார்கள். அரக்கோடு கல்பொடி கலந்து அழுத்தியது, கைதவறினால் உடையும். பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ மூன்று நிமிடம்தான் பிடிக்கும். அதனால்தான் படத்தில் வரும் பாட்டுக்கும் தட்டில் வரும் பாட்டுக்கும் பல சமயம் வித்தியாசம் இருக்கிறது. ஒரு சரணம் காணாமல் போயிருக்கும், அல்லது தட்டுக்கென்றே தனியாகப் பாடியிருப்பார்கள். நீளமான கதைகளை நான்கைந்து தட்டுகளாகப் பிரித்து 'நாடக செட்' என்று விற்றார்கள். இவை செட்டாகக் கிடைத்தால் பிரித்து வாங்காதீர்கள்.

கிராமபோன் கம்பெனியின் ஆலை 1908-ல் கல்கத்தாவில் தொடங்கியது. பிறகு பக்கத்து டம்டம்முக்கு மாறியது. அந்தக் கம்பெனி போட்ட எச்.எம்.வி. தட்டின் நடு வட்டத்து லேபிளில் டம்டம் என்று பார்த்தால் அதுதான் காரணம். 1930-களில் சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் வழியாக ஓடியன் என்ற இன்னொரு கம்பெனியின் தட்டுகள் வந்தன. இன்னொரு விஷயம்: மேல்நாடுகளில் 1960 வாக்கில் ஓய்ந்துவிட்ட 78 வேகத் தட்டு இங்கே அதற்குப் பிறகும் வந்தது. 1960-களின் பிரிட்டிஷ் குழுவான பீட்டில்ஸின் பாட்டுகளை 78-ல் இங்கே அழுத்தினார்கள். அவற்றைத் தேடி வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் இன்றும் அலைகிறார்கள். 78 என்றாலே சுதந்திரத்துக்கு முந்தியது என்று யாராவது விலை ஏற்றினால் நம்ப வேண்டாம்.

வளைந்துகொடுக்கும் தட்டு வினைல். ஏழு அங்குலமாக, இரண்டு முதல் நான்கு பாட்டு இருந்தால் இ.பி.; பன்னிரண்டு அங்குலம் எல்.பி. இ.பி.யில் பெரும்பாலானவை 45 வேகம், சில 33. லேபிளைப் படித்துவிட்டு ஊசியை வையுங்கள்.

கேசட் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் இரண்டு வகை உண்டு. ஒன்று கம்பெனி வெளியிட்டது. மற்றது ரெக்கார்டிங் சென்டரில் பதிந்தது: டி.டி.கே., மெல்ட்ராக் காலி கேசட்டை வாங்கிக் கொடுத்து, கோடு போட்ட தாளில் பாட்டு லிஸ்ட் எழுதிக் கொடுத்தால் இரண்டு நாளில் பதிந்து தருவார்கள். சேகரிப்பவர்கள் முதல் வகையைத் தேடி ஓடுகிறார்கள், இரண்டாவதைத் தூக்கிப் போடுகிறார்கள். தலைகீழாகச் செய்ய வேண்டும் என்பது என் கட்சி. 1987-ல் ஒரு பாலிடெக்னிக் மாணவர் எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு வேண்டும் என்று நினைத்தார், எதை அடித்து எதை எழுதினார் என்பதெல்லாம் அந்த உள்ளட்டையில் பேனா மையில் இருக்கிறது. கம்பெனி கேசட் ஆயிரம் இருக்கும், இது ஒன்றுதான் இருக்கும்.

பாட்டுப் புத்தகம் இன்னொரு உலகம். தியேட்டர் வாசலில் சில்லறைக்கு விற்ற மெல்லிய புத்தகம். நடிகர் பட்டியல், பாட்டு வரிகள், கதைச் சுருக்கம். சுருக்கம் சரியான இடத்தில் நின்று 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று முடியும். 1931-ல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படத்துக்கே இன்று பிரதி இல்லை. அப்படிப் படச்சுருள் அழிந்துபோன பல படங்களுக்கு, யார் பாடினார், யார் எழுதினார் என்பதற்கு எஞ்சியிருக்கும் சாட்சி இந்த மாதிரிக் காகிதங்கள்தான். புணேவில் உள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகமே படச்சுருளோடு பாட்டுப் புத்தகங்களையும் சேர்த்துவைக்கிறது.

ஆண்டைக் கண்டுபிடிப்பது

பாட்டுப் புத்தகத்திலும் கேசட் அட்டையிலும் பாதிக்கு மேல் ஆண்டே இருக்காது. மற்ற தடயங்களைப் பார்க்க வேண்டும். இந்த வேலையில் ருசியான பகுதியே இதுதான்.

விலையைப் பாருங்கள். அணாவில் இருந்தால் தசம நாணயம் வந்த 1957 ஏப்ரலுக்கு முந்தியதாக இருக்க நியாயம் உண்டு. 'ந.பை.' என்று இருந்தால் அது நயா பைசா. 1957-க்கும் 1964-க்கும் நடுவில். 1964 ஜூனில் 'நயா' போய்விட்டது, வெறும் பைசா ஆயிற்று. அடுத்து முகவரி. 'சென்னை-17' என்று மட்டும் இருக்கிறதா, ஆறு இலக்கப் பின்கோடு இருக்கிறதா? பின்கோடு 1972 ஆகஸ்டில் வந்தது. ஆங்கிலத்தில் ஊர்ப்பெயர் மெட்ராஸா சென்னையா என்பதும் உதவும். அது மாறியது 1996-ல்.

பிறகு எழுத்து. ணை, லை, னை ஆகியவை பழைய கொம்பு வடிவிலும், ணா, றா, னா ஆகியவை பழைய சுழி வடிவிலும் இருக்கின்றனவா? தமிழக அரசு 1978-ல் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு ஆணை போட்டது. ஆனால் இதில் அவசரப்படக் கூடாது. ஈய எழுத்து வைத்திருந்த சின்ன அச்சகங்கள் அரசாணை வந்த மறுநாளே எழுத்தை உருக்கிவிடவில்லை, பழைய எழுத்தே வருஷக்கணக்கில் ஓடியது. அந்தப் பக்கம் பெரியாரின் ஏடுகள் 1930-களிலிருந்தே புது எழுத்தில் வந்தன. ஆகவே எழுத்தை மட்டும் நம்பாமல் விலை, முகவரியோடு சேர்த்துப் பாருங்கள்.

தட்டில் என்றால் லேபிள் எண்ணோடு இன்னொரு எண்ணும் இருக்கும். பாட்டு முடிந்து லேபிளுக்கு முன் வரும் வெற்று வளையத்தைச் சாய்வான வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கீறியோ அச்சடித்தோ சில எழுத்தும் எண்ணும் தெரியும். எந்த அச்சிலிருந்து அழுத்திய தட்டு என்பதை அது சொல்லும். லேபிளும் அட்டையும் மாறியிருக்கலாம், இந்த எண் மாறாது. இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள்.

தடயம் உறுதியாக இல்லையென்றால் '1957–64' என்றே எழுதுங்கள். அழகுக்காக ஒற்றை ஆண்டாக ஆக்கிவிட்டால், அடுத்து வருகிறவர் அதையே ஆதாரமாகக் காட்டுவார்.

எங்கே தேடுவது

சென்னையில் ஒரு காலத்தில் மூர் மார்க்கெட் என்றால் போதும். 1985-ல் அது எரிந்துபோனது. இன்று பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை இருக்கிறது. வெயிலுக்கு முன் போய்விடுங்கள். ஒன்பது மணிக்கு மேல் ரெக்கார்டைக் கையில் எடுத்தால் கொதிக்கும், வெயிலில் கிடந்த வினைல் நெளிந்தும் போயிருக்கும். காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் கிடைக்கும், ஆனால் சுற்றுலாக்காரர் விலை. கல்கத்தாவின் ஃப்ரீ ஸ்கூல் தெரு, மும்பையின் சோர் பஜார் இரண்டிலும் தமிழ்த் தட்டு எப்போதாவது அகப்படும். அங்கே அதன் மதிப்பு தெரியாது என்பது நமக்கு லாபம்.

இணையத்தில், ரெக்கார்டுகளைப் பட்டியலிட்டு விற்கும் டிஸ்காக்ஸ் தளம் எண்களைச் சரிபார்க்க நல்லது. அங்கே தட்டின் நிலையைக் குறிக்கும் எழுத்துகளைக் கவனியுங்கள். வி.ஜி. என்றால் 'மிக நல்லது' என்று விரியும், ஆனால் கேட்டால் அடுப்பில் கடுகு பொரிகிற சத்தம். வி.ஜி. பிளஸ், அதற்கு மேல் நியர் மின்ட் என்று இருந்தால்தான் நிம்மதியாகக் கேட்கலாம்.

இவற்றையெல்லாம் விட நல்ல இடம் ஒன்று உண்டு: பழைய மைக் செட்காரர்கள் வீடு. தமிழ்நாட்டுக் கிராமங்களுக்கு இசைத்தட்டைக் கொண்டுபோனவர்கள் அவர்கள்தான். காதுகுத்து, சடங்கு, கோயில் கொடை எதுவானாலும் வேப்பமரத்தில் குழாய் கட்டி, சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டில் ஆரம்பித்து, ராத்திரி கதை வசனத் தட்டு வரை ஓட்டுவார்கள். பென் டிரைவ் வந்தபின் அந்தப் பெட்டிகள் பரணுக்குப் போயின. ஒன்றை எதிர்பார்த்துப் போங்கள்: பிள்ளையார் பாட்டும் எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாட்டும் தேய்ந்து வெளுத்திருக்கும், யாரும் விரும்பிக் கேட்காத படத்தின் தட்டு புத்தம் புதிதாக இருக்கும்.

அங்கே போய் முதல் பேச்சிலேயே விலை கேட்காதீர்கள். பெரியவரை உட்கார வைத்துப் பேசவிடுங்கள். "அண்ணாச்சி, மொத ரெக்கார்டு எங்க வாங்குனீங்க? எந்தக் கடை? அப்ப என்ன வெல? எந்தெந்த ஊருக்குப் போவீங்க? எந்தப் பாட்ட மறுபடி போடச் சொல்லி சண்ட வரும்?" அவர் சம்மதித்தால் போனில் பதிந்துகொள்ளுங்கள். தட்டுப் பெட்டியை அவர் தராமல் போனாலும் இந்தப் பதிவு உங்களுக்கு மிச்சம்.

லேபிளில் இருக்கும் முத்திரையை அழிக்காதீர்கள்

மைக் செட்காரரிடமிருந்து வரும் ஒரு இ.பி.யைக் கையில் எடுத்துப் பாருங்கள். சிவப்பு லேபிளின் குறுக்கே ஊதா மையில் ரப்பர் முத்திரை: ஏதோ ஒரு 'சவுண்ட் சர்வீஸ்', கீழே ஊர்ப்பெயர், மாவட்டம். பக்கத்தில் வெள்ளை பெயின்டில் 46 என்று ஒரு எண்; அது அவர் பெட்டியில் இருந்த வரிசை. ஒரு பக்கத்தில் மட்டும் நடுத்துளையைச் சுற்றி மெல்லிய வட்டக் கீறல்கள், இருட்டில் தடவித் தடவித் தட்டைச் செருகியதன் அடையாளம். மறுபக்கத்தில் அந்தக் கீறல் குறைவு. எந்தப் பக்கம் அதிகம் ஓடியது என்று ஊசி வைக்காமலே தெரிந்துவிடும்.

விற்பனைச் சந்தைக்கு இது 'எழுதப்பட்ட லேபிள்', மதிப்புக் குறைவு. சிலர் ஸ்பிரிட் வைத்து அழித்துச் சுத்தமாக்கி விற்கிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிய பாவம் தெரியாது. அழித்த தட்டு எங்கும் கிடைக்கும் இன்னொரு தட்டு. முத்திரையோடு இருப்பது எந்த ஊரில் எந்தப் பாட்டு ஒலித்தது என்பதற்குச் சாட்சி. முத்திரை இருக்கும் தட்டுக்கு நான் கூடுதலாகக் கொடுக்கத் தயார். நல்லவேளை, கடைக்காரர்கள் அதைக் குறைத்தே விற்கிறார்கள். பாட்டுப் புத்தகத்தின் ஓரத்தில் பென்சிலில் "இந்தப் பாட்டு ரெம்ப ஜோர்" என்று எவரோ எழுதியிருந்தாலும் இதே விதிதான்.

பதிவேடு

வீட்டுக்கு வந்த அன்றே எழுதுங்கள். 'ஞாயிற்றுக்கிழமை சேர்த்து எழுதிக்கொள்ளலாம்' என்ற குவியலை யாரும் எழுதி முடித்ததில்லை.

ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் கொடுங்கள்: ஆண்டு, பிறகு வரிசை, 2025-001 என்பது போல. பாடகர் பெயர், படப்பெயர் வைத்து எண் உருவாக்காதீர்கள். நாளைக்குப் பாடகர் வேறு என்று தெரியவரும், எண் பொய்யாகிவிடும். எண்ணைத் தட்டின்மேல் எழுதவே கூடாது. உள்ளுறையின் மூலையில், தட்டை வெளியே எடுத்துவிட்டு, மென்மையான பென்சிலால் எழுதுங்கள்.

விரிதாளில் இருக்க வேண்டியவை: அந்த எண், பொருள் வகை, லேபிளில் அச்சானபடியே தலைப்பும் பெயர்களும், நிறுவனம், லேபிள் எண், வளையத்து எண், ஆண்டு, அந்த ஆண்டை எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்பது, நிலை, எங்கிருந்து வந்தது, என்ன விலை, முத்திரையும் கையெழுத்தும் இருந்தால் அதன் வாசகம் முழுதாக. 'அச்சானபடியே' என்பதை அழுத்திச் சொல்கிறேன். லேபிளில் பெயர் தப்பாக அச்சாகியிருந்தால் தப்பாகவே எழுதி, பக்கத்துக் கட்டத்தில் சரியானதைப் போடுங்கள். தமிழில் இருந்தால் தமிழில், ஆங்கிலத்தில் இருந்தால் ஆங்கில எழுத்தில். ஒரே பாடகர் ஆங்கிலத்தில் நான்கு விதமாக எழுதப்பட்டிருப்பார். தமிழ்ப் பெயர்க் கட்டம் ஒன்று பொதுவாக இருந்தால்தான் பிறகு தேட முடியும்.

பின்னணியில் வாத்தியம் வாசித்தவர், அட்டை ஓவியர், அச்சகம் ஆகியவற்றையும் விடாதீர்கள். அட்டையின் அடியில் எறும்பு அளவு எழுத்தில் இருப்பதைத்தான் பிற்பாடு தேடி வருவார்கள்.

துடைப்பதும் அடுக்குவதும்

அரக்குத் தட்டில் ஸ்பிரிட், சானிடைசர், ஆல்கஹால் எதுவும் படக் கூடாது. அரக்கு கரையும், பாட்டு போய்விடும். டிஸ்டில்டு வாட்டரில் மணமில்லாத திரவ சோப்பு ஒரு சொட்டு, மெல்லிய துணி, தட்டில் ஊசி ஓடும் வரிகளின் போக்கிலேயே வட்டமாக, லேபிள் நனையாமல். பிறகு வெறும் டிஸ்டில்டு வாட்டரில் துடைத்து, நிழலில் நிறுத்தி உலரவிடுங்கள். ஊற வைக்க வேண்டாம். வினைலுக்கும் இதே முறை போதும்.

பூஞ்சை பிடித்த கேசட்டை அப்படியே போட்டுப் பார்க்காதீர்கள். பிளேயர் வழியாக மற்ற கேசட்டுக்கும் போகும். முகத்தில் மாஸ்க், கேசட் தனிப் பையில். உள்ளே டேப்புக்குப் பின்னால் இருக்கும் சின்ன ஃபெல்ட் துண்டு பல பழைய கேசட்டுகளில் பசை விட்டு விழுந்திருக்கும். ஒலி மங்கலாகக் கேட்டால் டேப்பைக் குறை சொல்லும் முன் அதைப் பாருங்கள். கைக்கு வந்தவுடன் முதல் வேலை, முதுகுப் பக்கம் இரண்டு மூலையிலும் உள்ள பிளாஸ்டிக் தாழை உடைப்பது. உடைத்தால் மேலே யாரும் பதிய முடியாது. ஒரே பிரதியின்மேல் குழந்தையின் ரைம்ஸ் பதிவான கதை எல்லா வீட்டிலும் உண்டு.

தட்டுகளைப் படுக்கவைத்து அடுக்காதீர்கள். செங்குத்தாக, சாயாமல், இறுக்கமும் இல்லாமல் நிறுத்துங்கள். கேசட்டும் நிமிர்ந்தே இருக்கட்டும், ஸ்பீக்கரின் காந்தத்துக்குப் பக்கத்தில் வேண்டாம். பரண் வேண்டவே வேண்டாம். சித்திரை வெயிலில் அது சூளை. அடித்தட்டு தரையிலிருந்து இரண்டடியாவது மேலே இருக்கட்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் தரைத்தள வீடுகளில் இருந்த காகிதமும் தட்டும் என்ன ஆயின என்று அங்கே இருந்தவர்களைக் கேட்டால் தெரியும். கடலோர ஊர் என்றால் சிலிக்கா ஜெல் பொட்டலம் வாங்கி வைத்து, மாதம் ஒரு முறை பாருங்கள். அந்துருண்டை கேசட் டப்பாவின் பிளாஸ்டிக்குக்கு ஆகாது.

பாட்டுப் புத்தகத்தின் எதிரிகள் ராமபாணப் பூச்சி, கறையான், துருப்பிடித்த ஸ்டேப்ளர் பின், அதற்கு மேல் நம் ஆசை. பின்னை மெதுவாக நிமிர்த்தி எடுத்துவிட்டு, அதே துளையில் வெள்ளைப் பருத்தி நூலால் கட்டுங்கள். செலோடேப் ஒட்டாதீர்கள், ரப்பர் பேண்ட் போடாதீர்கள், செய்தித்தாளில் சுற்றாதீர்கள். லேமினேஷன் செய்யாதீர்கள். பளபளவென்று இருக்கும், ஆனால் அதைத் திரும்ப எடுக்கவே முடியாது. உள்ளே காகிதம் பழுப்பதும் நிற்காது.

கேட்பதும் கணினியில் ஏற்றுவதும்

பெட்டி மாதிரி மூடித் திறக்கும் மலிவு பிளேயர்கள் அழகாக இருக்கும், ஆனால் ஊசியின் பாரம் அதிகம். பின்பக்கம் எடையைத் திருகிச் சரிசெய்யும் பிளேயராகப் பார்த்து வாங்குங்கள். 78 சேர்க்கிறவர்கள் மூன்று வேகமும் இருக்கிறதா என்று கேளுங்கள். புதிதாக வரும் பலவற்றில் 78 கிடையாது. ஊசியும் வேறு வேண்டும். 78-இன் வரி அகலமானது, அதற்கான ஊசியின் முனை எல்.பி. ஊசியைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு பெரியது. எல்.பி. ஊசியை வைத்தால் அது வரியின் அடியில் குப்பைக்குள் ஓடி இரைச்சலை மட்டும் கொண்டுவரும். சாவி கொடுத்து ஓட்டும் பழைய கிராமபோனில் அரிய தட்டை ஓட்டவே கூடாது. அந்த எஃகு ஊசி ஒவ்வொரு முறையும் வரியைச் சுரண்டும்.

பதிவு செய்ய ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் போதும். 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ், வேவ் கோப்பு. ஒரு மணி நேரத்துக்கு இரண்டு ஜி.பி. அளவு வரும், ஹார்ட் டிஸ்க் இப்போது மலிவு. ஊசி இறங்கும் சத்தம் முதல் தூக்கும் வரை முழுதாகப் பதிந்து, அந்தக் கோப்பைத் தொடாமல் வையுங்கள். இரைச்சல் நீக்குவது, பாட்டாகப் பிரிப்பது, எம்.பி.3 ஆக்குவது எல்லாம் அதன் நகலில். இன்றைய இரைச்சல் நீக்கி பாடகியின் மூச்சையும் சேர்த்துத்தான் நீக்குகிறது. நாளைக்கு நல்ல கருவி வரும்போது அசல் பதிவு இருக்க வேண்டும்.

அட்டையையும் லேபிளையும் படமெடுங்கள். எல்.பி. அட்டை சாதாரண ஸ்கேனரில் அடங்காது. ஜன்னல் வெளிச்சத்தில், கேமராவை ஸ்டாண்டில் நேர்மேலே வைத்து எடுப்பதே போதும். பாட்டுப் புத்தகத்தை 600 டி.பி.ஐ.யில் ஸ்கேன் செய்யுங்கள். வெற்றுப் பக்கமும், பின்னட்டை சோப்பு விளம்பரமும் சேர்த்து. கோப்புப் பெயர் அந்தப் பதிவேட்டு எண்ணே.

எல்லாவற்றுக்கும் மூன்று பிரதி, அதில் ஒன்று வேறு ஊரில். யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981-ல் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் போயின. இன்னொரு பிரதி இல்லாதவை அவற்றில் இருந்தன. 2005-ல் தொடங்கிய 'நூலகம்' இணைய நூலகம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் எண்ணிமமாக்கி எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறது. இலங்கைத் தொடர்பான பாட்டுப் புத்தகமோ நிகழ்ச்சி மலரோ உங்கள் கைக்கு வந்தால் அவர்களிடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

யூடியூபில் போடும் முன்

வாங்கிய தட்டு உங்களுடையது, பாட்டு உங்களுடையது அல்ல. இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கான உரிமை வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டு. 1960-ல் வந்த தட்டுக்கு 2020 டிசம்பருடன் முடிந்தது. ஆனால் பாட்டு வரிக்கும் மெட்டுக்கும் கணக்கு வேறு: எழுதியவரும் இசையமைத்தவரும் இறந்த ஆண்டிலிருந்து 60. பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் 1959-ல் மறைந்தார், அவர் வரிகளுக்கு 2019-ல் காலம் முடிந்தது. கண்ணதாசன் மறைந்தது 1981. 2041 முடியும்வரை உண்டு. ஒரே ஆண்டில் வந்த இரண்டு தட்டில் ஒன்றை வெளியிடலாம், மற்றதை முடியாது என்று வரலாம். சொந்த ஆராய்ச்சிக்கு வைத்துக்கொள்ளத் தடையில்லை. பொதுவில் போட வேண்டுமென்றால் பட்டியலையும் அட்டைப் படத்தையும் மட்டும் போடுவதில் ஆரம்பியுங்கள். அதைப் பார்த்தே ஆட்கள் தேடி வருவார்கள்.

உள்ளூர்க் கலைஞர் என்றால் சட்டத்துக்கு முன் மரியாதை. அவரோ குடும்பமோ ஊரில் இருப்பார்கள். போய்க் கேளுங்கள்; பல வீடுகளில் அந்தக் கேசட்டே இருக்காது, ஒரு பிரதி கொண்டுபோனால் சந்தோஷப்படுவார்கள்.

இந்த வாரத்துப் பாட்டையும் சேருங்கள்

அரக்குத் தட்டு தொண்ணூறு வருஷம் தாங்கியிருக்கிறது. போன வருஷம் பார்த்த கானா வீடியோவைத் தேடிப் பாருங்கள், கிடைத்தால் அதிர்ஷ்டம். மைஸ்பேஸ் தளத்தில் 2015-க்கு முன் ஏற்றிய பாட்டுகள் அழிந்துவிட்டதாக 2019-ல் தெரியவந்தது. 2020 ஜூன் கடைசியில் இந்தியாவில் டிக்டாக் தடையானபோது, எந்தக் கம்பெனிக்கும் போகாமல் அங்கேயே பாடி அங்கேயே பேர் வாங்கியவர்களின் பாட்டெல்லாம் ஒரே ராத்திரியில் கண்ணுக்கு மறைந்தது.

ஆகவே கச்சேரிக்குப் போனால் நுழைவுச்சீட்டு, நோட்டீஸ், மேடைக்குக் கீழே ஒட்டியிருந்த பாட்டு வரிசை இவற்றைக் கேட்டு வாங்குங்கள். இன்ஸ்டாகிராமில் வரும் அறிவிப்பை நாள், முகவரியோடு சேமியுங்கள். உடையும் இதில் சேர்த்திதான். சாதிக்கு எதிராகப் பாடும் தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழு 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் முதல் கச்சேரி செய்தபோது கானா பாடகர்கள் கோட்டு சூட்டில் மேடையேறினார்கள். அந்த உடையே ஒரு அறிக்கை. பாட்டை மட்டும் பதிந்து வைத்தால் அது தெரியாமல் போகும். குழுவின் டி-ஷர்ட் கிடைத்தால் ஒன்றைத் துவைக்காமல், மடிப்பு மாற்றி மாற்றி, பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். போடுவதற்கு இன்னொன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

யாரிடம் போகும்

ஐம்பது உருப்படி சேர்ந்ததும் இதை யோசிக்கத் தொடங்கலாம். வீட்டில் ஒருவருக்காவது பதிவேடு எங்கே இருக்கிறது, கடவுச்சொல் என்ன, யாரைக் கூப்பிட வேண்டும் என்று தெரிந்திருக்கட்டும். அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒரு தாளில் எழுதி ஒட்டுவது போதும். மும்பையில் 1990-ல் தொடங்கிய இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர் சங்கம் போன்ற இடங்களில் உங்களைப் போன்றவர்களைப் பார்க்கலாம்; யார் எதைச் சேர்க்கிறார் என்று தெரிந்தால் தேவையில்லாததை மாற்றிக்கொள்ளவும் வழி பிறக்கும்.

நூலகத்துக்குக் கொடுக்க நினைத்தால் மூட்டை கட்டிக்கொண்டு வாசலில் போய் நிற்காதீர்கள். முதலில் விரிதாளை அனுப்புங்கள். அவர்களிடம் ஏற்கெனவே இருப்பவை எவை, அவர்களுக்கு வேண்டியவை எவை என்று அதைப் பார்த்துத்தான் சொல்வார்கள். சேகரிப்பு ஒன்றாகவே இருக்க வேண்டுமா, பிரிக்கலாமா, உங்கள் பெயரில் இருக்க வேண்டுமா, பொதுமக்கள் கேட்கலாமா என்பதைப் பேசி எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மைக் செட் அண்ணாச்சியின் குரல் பதிவு இருந்தால், அதை வெளியில் கேட்கவைக்க அவர் சம்மதித்த தாளையும் அதே பெட்டியில் வைத்துக் கொடுங்கள்.